சாலைத் துறையின் தலைமைப் பதவிக்கு ஒரு சிவில் இன்ஜினியர்: தில்லியில் கோப்பு நகரும் வழி, படிப்படியாக

தில்லியில் மத்திய அரசு அலுவலகங்களின் நிர்வாகப் பிரிவுகளிலேயே என் பணிக்காலம் கழிந்தது. நியமனக் கோப்புகளைத் தொகுப்பதும், குறை கண்டால் திருப்பி அனுப்புவதும், சரியாக இருந்தால் குறிப்பெழுதி மேலே அனுப்புவதும்தான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு ஆர்.கே.புரம் மலை மந்திரிலோ தமிழ்ச் சங்கத்திலோ பார்க்கும் நம் ஊர் இன்ஜினியர்கள், "எல்லாத் தகுதியும் இருக்கு சார், ஆனா பேர் மேலே போகலையே" என்பார்கள். விசாரித்தால் குறை திறமையில் இருக்காது. ஏதோ ஒரு பழைய தாளில் இருக்கும்.

அதனால் இந்தப் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். முதல் நான்கு படிகளை விளம்பரம் வருவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். விளம்பரம் வந்தபின் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் கடைசித் தேதியைத் தவறவிட்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் போக்குவரத்துச் செயலராக அதிபர் ஒருவரை முன்மொழிந்தால், செனட் அவரை நேரில் விசாரித்து, ஓட்டெடுத்து உறுதி செய்யும். இங்கே அப்படிப் பொதுவெளியில் நடக்கும் கட்டம் எதுவும் கிடையாது. இங்கே உறுதி செய்வது கோப்பு. அதைப் படிப்பவர்கள் உங்களை நேரில் பார்க்காமலே முடிவெடுக்கக் கூடும்.

1. எந்த வாசல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முதல் வாசல் பதவி உயர்வு. யூ.பி.எஸ்.சி. நடத்தும் இன்ஜினியரிங் சர்வீசஸ் தேர்வு வழியாக மத்தியப் பொறியியல் பணியின் சாலைப் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு உரியது. நாடாளுமன்றச் சாலையில் உள்ள போக்குவரத்து பவனில், சாலைப் பிரிவின் உச்சியில் இருப்பவர் சாலை மேம்பாட்டுத் தலைமை இயக்குநர். அந்த நாற்காலிக்கு ஏணி உள்ளேயிருந்துதான்.

இரண்டாவது டெபுடேஷன், அதாவது தாய்த் துறையை விடாமல் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு அலுவலகத்தில் பணியாற்றுவது. மாநில நெடுஞ்சாலைத் துறைகளில் இருப்பவர்களுக்கு இதுதான் இயல்பான வழி. துவாரகாவில் தலைமையகம் உள்ள தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் மேலாளர் நிலையிலிருந்து தொழில்நுட்ப உறுப்பினர் வரை பல பதவிகள் இப்படி நிரப்பப்படுகின்றன.

மூன்றாவது ரைட்ஸ், இர்கான், ரயில் விகாஸ் நிகம் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள். இவற்றின் இயக்குநர், தலைவர் பதவிகளுக்குப் பொதுத்துறை நிறுவனத் தேர்வு வாரியம் ஆள் தேர்வு செய்கிறது. இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அரசு அதிகாரி இத்தகைய பதவிக்குப் போனால் பொதுவாக உடனடி உள்ளீர்ப்பு முறையில்தான் போக வேண்டும். தாய்த் துறைக்குத் திரும்பும் உரிமை போய்விடும். வீட்டில் கலந்து பேசாமல் விண்ணப்பித்து, தேர்வான பிறகு பின்வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் பெயருக்கும் கெடுதல், வரிசையில் அடுத்து நின்றவருக்கும் இழப்பு.

நான்காவது மெட்ரோ நிறுவனங்கள். தில்லி மெட்ரோவில் மத்திய அரசுக்கும் தில்லி அரசுக்கும் சரிபாதிப் பங்கு. அதை முதலில் நடத்திய ஸ்ரீதரனும், 2012 முதல் 2022 வரை நடத்திய மங்கு சிங்கும் ரயில்வேயிலிருந்து வந்த சிவில் இன்ஜினியர்கள். ஆனால் சில நகரங்களின் மெட்ரோவில் மேலாண்மை இயக்குநராக ஐ.ஏ.எஸ். அதிகாரியை அமர்த்துவதே வழக்கம். அங்கே இன்ஜினியருக்கு எட்டும் உயரம் திட்ட இயக்குநர் பதவி. விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன், கடைசி மூன்று பேர் எந்தப் பணியிலிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். வீண் உழைப்பு மிச்சமாகும்.

ரயில்வேக்குள் இருப்பவர்களின் பாதை தனி. 2023 ஜனவரியில் ரயில்வே வாரியத் தலைவராகப் பொறுப்பேற்ற அனில் குமார் லஹோட்டி சிவில் இன்ஜினியர்தான். வெளியிலிருந்து போகக்கூடிய வழி அல்ல என்பதால் அதை இங்கே விவரிக்கவில்லை. அமைச்சகச் செயலர் பதவியையும் விட்டுவிடுகிறேன். பெரும்பாலும் அது ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கே போகிறது.

2. பெயரையும் பணிவரன்முறையையும் நேர் செய்யுங்கள்

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். பட்டச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால் இருக்கும், பணிப்பதிவேட்டில் ஊர் எழுத்தும் சேர்ந்து இரண்டு இனிஷியல் இருக்கும். ஊரில் இது யாருக்கும் குழப்பமில்லை. தில்லியில் கோப்பு பார்ப்பவருக்கு இவர்கள் மூன்று பேர். விஜிலன்ஸ் (ஊழல் கண்காணிப்பு) பிரிவுக்கு ஒரு பெயரிலும் மந்தண அறிக்கைக்கு இன்னொரு பெயரிலும் கடிதம் போய், "இப்படி ஒருவர் எங்கள் பதிவில் இல்லை" என்று பதில் வந்த கோப்பு என் மேசையிலேயே கிடந்திருக்கிறது.

பணிப்பதிவேட்டில் உள்ள பெயரே அடிப்படை. மற்ற ஆவணங்களில் வேறுபட்டால், இரண்டும் ஒருவரே என்று துறை அளிக்கும் சான்று ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள்.

அடுத்தது பணிவரன்முறை, அதாவது தற்காலிகப் பணியை முறையான பணியாக ஏற்கும் ஆணை. தமிழ்நாட்டில் உதவிக் கோட்டப் பொறியாளராகவோ கோட்டப் பொறியாளராகவோ தற்காலிகப் பதவி உயர்வில் பல ஆண்டுகள் வேலை பார்ப்பது சகஜம். அந்தக் காலத்தில் பழைய 39(அ)(i) விதியின் கீழ் ஆணை வரும், வேலை முழுமையாக நடக்கும், சம்பளமும் வரும். ஆனால் மத்திய அரசின் விளம்பரம் கேட்பது "முறையான பணி". பணிவரன்முறை ஆணையில் எந்தத் தேதி போட்டிருக்கிறதோ அன்றிலிருந்துதான் கணக்கு. ஆறு ஆண்டு அனுபவம் என்று எழுதியவருக்கு ஆணைப்படி இரண்டரை ஆண்டுதான் தேறும் என்றால் முதல் சல்லடையிலேயே பெயர் விழுந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு பதவிக்கும் மூன்று தாள் சேருங்கள்: பதவி உயர்வு ஆணை, பணிவரன்முறை ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை. மூன்றாவது இல்லாதவர்கள் நிறையப் பேர். கேட்டு வாங்க மாதக்கணக்கில் ஆகும்.

தமிழில் உள்ள ஆணைகளுக்கெல்லாம் சான்றொப்பம் பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அது இல்லையென்றால் கோப்பில் அந்தத் தாள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

3. மந்தண அறிக்கைகள்: ஐந்து ஆண்டு, ஒரு நாள் இடைவெளியும் விடாமல்

ஏ.பி.ஏ.ஆர். என்று தில்லியில் சொல்லும் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைதான் உங்கள் கோப்பின் முதுகெலும்பு. டெபுடேஷனுக்கும் சரி, பதவி உயர்வுக்கும் சரி, பொதுவாகக் கடைசி ஐந்து ஆண்டு அறிக்கைகளைப் பார்க்கிறார்கள்.

மத்திய அரசில் மதிப்பெண் 10-க்கு. 8 முதல் மேலே "அவுட்ஸ்டாண்டிங்", 6 முதல் 8-க்குள் "வெரி குட்", 4 முதல் 6-க்குள் "குட்". உயர் பதவிகளுக்கு அளவுகோல் "வெரி குட்". எனவே 5.9 என்பது 6-க்குப் பக்கத்தில் இருக்கும் எண் அல்ல, ஒரு படி கீழே உள்ள எண்.

அறிக்கையை அதிகாரிக்கே காட்டும் முறை 2008-09 அறிக்கை ஆண்டிலிருந்து உள்ளது. காட்டிய நாளிலிருந்து 15 நாளுக்குள் முறையிடலாம். அந்த 15 நாளை விட்டால் மதிப்பெண் இறுதியாகிவிடும். "பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எண்ணைப் பார்க்காமல் போனவர்கள் பிறகு வந்து வருந்துவது எனக்கு மிகவும் வலிக்கும். அப்போது செய்ய எதுவும் இருக்காது.

இடைவெளி இன்னொரு தொல்லை. ஓர் அதிகாரியின் கீழ் மூன்று மாதமாவது வேலை பார்த்தால்தான் அவர் அறிக்கை எழுத முடியும். மூன்று மாதத்துக்கு மேல் அறிக்கை இல்லாத காலம் இருந்தால், ஏன் இல்லை என்ற சான்று கோப்பில் இருக்க வேண்டும். சான்று இருந்தால் குழு அதற்கு முந்தைய ஆண்டின் அறிக்கையை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் கோப்பு முழுமையற்றது என்று நின்றுவிடும்.

திருநெல்வேலிப் பக்கத்து இன்ஜினியர் ஒருவர். பாலங்களில் நல்ல பெயர் எடுத்தவர். அவருடைய மேலதிகாரி மே மாதம் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் ஒரு மாதத்துக்குள் அறிக்கை எழுதினால்தான் செல்லும். இவர் சுயமதிப்பீட்டை ஜூலையில் கொடுத்தார். அந்த ஆண்டு காலியாகவே போனது. அடுத்த ஆண்டும் வேறொரு காரணத்தால் போனது. நான்கு ஆண்டு கழித்து விளம்பரம் வந்தபோது ஐந்தில் இரண்டு இல்லை. ஊருக்கும் தில்லிக்கும் அலைந்து சான்று வாங்குவதற்குள் தேர்வுக் குழு கூடி முடித்துவிட்டது.

மத்திய அரசில் சுயமதிப்பீட்டுக்கு ஏப்ரல் 15, மேலதிகாரிக்கு ஜூன் 30, மறு ஆய்வுக்கு ஜூலை 31 என்று நாள் குறித்திருக்கிறார்கள். மாநிலத் துறையில் தேதி மாறலாம். எங்கிருந்தாலும் உங்கள் மேலதிகாரி ஓய்வு பெறும் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்து, அதற்கு முன்பே உங்கள் பகுதியைக் கொடுத்துவிடுங்கள்.

சுயமதிப்பீட்டில் "சிறப்பாகப் பணியாற்றினேன்" என்பதை விட்டுவிட்டு எண்களை எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை பாலம், எவ்வளவு நிலம் கையகப்படுத்தி முடித்தீர்கள், ஒப்பந்தத் தொகை, எவ்வளவு காலத்தில் முடிந்தது. ஐந்து ஆண்டு கழித்து உங்களை அறியாத ஒருவர் அதைத்தான் படிப்பார்.

4. விஜிலன்ஸ்: மேலே போவதும் நிற்பதும் இங்கேதான்

மூன்று நிலைகளில் ஒருவரின் பதவி உயர்வு முடிவு மூடிய உறையில், அதாவது வெளியிடாமல், வைக்கப்படும்: அவர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தால், ஒழுங்கு நடவடிக்கையில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கப்பட்டிருந்தால், நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால். 1991-இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், அதையொட்டி 1992 செப்டம்பரில் வந்த மத்திய அரசு உத்தரவுமே இதற்கு அடிப்படை.

நம் ஊர் மொழியில் சொன்னால், கையில் 17 பி மெமோ (பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை) இருக்கும்போது விண்ணப்பம் போடுவதில் பயனில்லை. முதலில் அதை முடியுங்கள். புகார் வந்திருக்கிறது, இன்னும் மெமோ வரவில்லை என்றால் பயந்து ஒதுங்க வேண்டாம். மொட்டைக் கடிதத்தின் மேல் நடவடிக்கை கூடாது என்பதுதான் மத்திய விஜிலன்ஸ் ஆணையத்தின் நிலைப்பாடு.

முடிந்துபோன விசாரணையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "அது எப்பவோ முடிஞ்சு போச்சு சார்" என்பார்கள். முடிந்ததற்குத் தாள் எங்கே? "மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது" என்ற ஆணையின் நகல் கையில் இல்லையென்றால், பதிவேட்டில் அது இன்னமும் நிலுவை. இருபது ஆண்டுக்கு முந்தைய தணிக்கைத் தடைகளையும் இப்படியே தேடிப் பிடித்து முடியுங்கள்.

விஜிலன்ஸ் விவரப் படிவத்தில் கடந்த பத்து ஆண்டில் எங்கெங்கே பணியாற்றினீர்கள் என்று கேட்கப்படும். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். ஒரு பதவி முடிந்த நாளுக்கும் அடுத்தது தொடங்கிய நாளுக்கும் நடுவே கட்டாயக் காத்திருப்பு, விடுப்பு என்று எது இருந்தாலும் அதையும் எழுதுங்கள். நாற்பது நாள் வெற்றிடம் இருந்தால் அந்த நாற்பது நாளும் கேள்வியாகும்.

சொத்து விவர அறிக்கை: மத்தியப் பணியில் ஜனவரி 1 நிலவரப்படி ஜனவரி 31-க்குள் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் அதை வைத்தே விஜிலன்ஸ் அனுமதியை மறுக்கலாம். மனைவி பெயரில் ஊரில் வாங்கிய மனை, அப்பா எழுதி வைத்த வயல் இவற்றை விட்டுவிடாதீர்கள். மறைத்தவர் என்று பெயர் வருவதைவிடப் பட்டியல் நீளமாக இருப்பது மேல்.

5. விளம்பரத்தை எப்படிப் படிப்பது

முதலில் தேதி. டெபுடேஷனுக்கு வயது வரம்பு வழக்கமாக 56, அது கடைசித் தேதியன்று கணக்கிடப்படும். பொதுத்துறை நிறுவனப் பதவிகளில் மிச்சமுள்ள பணிக்காலத்தைப் பார்ப்பார்கள். காலியிடம் ஏற்படும் நாளில் அதே நிறுவனத்தவருக்கு 2 ஆண்டும், வெளியிலிருந்து வருபவருக்கு 3 ஆண்டும் இருக்க வேண்டும். மத்தியப் பணிகளின் பதவி உயர்வுக்கோ காலியிட ஆண்டின் ஜனவரி 1-தான் தகுதி நாள். மூன்றையும் ஒன்றென நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது சம்பள நிலை. இதில் தமிழ்நாட்டு இன்ஜினியர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். நம் மாநில அட்டவணை 32 நிலைகள் கொண்டது. அதில் உதவிப் பொறியாளரே நிலை 20. மத்திய அட்டவணை 18-உடன் முடிகிறது, அந்த 18 அமைச்சரவைச் செயலருக்கு. விளம்பரத்தில் நிலை 13 கேட்டிருக்க, "நான் நிலை 25-க்கு மேல்" என்று நிம்மதியாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எண்ணை ஒப்பிடாதீர்கள். உங்கள் பதவி மத்திய அரசின் எந்த நிலைக்கு இணை என்று துறையிடமே சான்று வாங்கி இணையுங்கள். அந்தக் கணக்கைத் தில்லி அலுவலகம் உங்களுக்காகப் போட்டுத் தராது.

6. உரிய வழியில் அனுப்புதல்

விண்ணப்பம் துறை வழியாகத்தான் போக வேண்டும். அதற்காகத் துறை அனுப்பும் வரை கை கட்டி உட்கார வேண்டாம். விளம்பரம் அனுமதித்தால் முன்நகல் ஒன்றைக் கடைசித் தேதிக்குள் நேரடியாகச் சேர்த்துவிடுங்கள். அசல் தாமதமானாலும் உங்கள் பெயர் பதிவில் இருக்கும்.

துறையின் முகப்புக் கடிதத்தோடு நான்கு தாள் வர வேண்டும்: விடுவிக்கத் துறைக்குச் சம்மதம் என்ற பணியணி அனுமதி, நேர்மைச் சான்று, விஜிலன்ஸ் அனுமதி, கடந்த பத்து ஆண்டில் பெற்ற தண்டனை விவரம். தண்டனை எதுவும் இல்லையென்றாலும் "இல்லை" என்று எழுதிய தாள் வேண்டும். மந்தண அறிக்கை நகலின் ஒவ்வொரு பக்கத்திலும் சார்புச் செயலர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வாங்கி அனுப்பிய கட்டுகள் எத்தனையோ திரும்பிப் போயிருக்கின்றன.

சென்னைத் தலைமைச் செயலகத்தில் கோப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று வாரம் ஒருமுறை மரியாதையாகக் கேளுங்கள். வாசகங்களை நீங்களே தட்டச்சு செய்து, வரைவாகக் கொடுத்தால் அவர்களுக்கும் உதவி. பிரிவு அலுவலருக்கு இது நூறு கோப்பில் ஒன்று. உங்களுக்குத்தான் இது ஒரே கோப்பு.

7. குழுவின் முன்

பதவி உயர்வுக் குழுவுக்கு நேர்காணல் கிடையாது, தாள்தான் பேசும். மற்ற வாசல்களில் சிறிய உரையாடல் இருக்கும். கான்கிரீட் கலவையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நிலம், பணம், வழக்கு ஆகிய மூன்றைச் சுற்றியே கேள்வி வரும்.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில், நிலம் எடுக்கப்போவதாகச் சொல்லும் 3ஏ அறிவிக்கை வந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், நிலத்தை எடுப்பதை உறுதி செய்யும் 3டி அறிவிப்பு ஓராண்டுக்குள் வராவிட்டால் முதல் அறிவிக்கை காலாவதியாகும். ஹைபிரிட் ஆன்யூட்டி முறையில் திட்டச் செலவில் 40 சதவீதத்தைக் கட்டுமானக் காலத்திலேயே அரசு தரும், மீதி பிறகு தவணையாக வரும். இவை உங்கள் திட்டத்தில் எங்கே சிக்கின, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லத் தெரிந்தால் போதும். தவறிய திட்டத்தைப் பற்றிக் கேட்டால் நேராகச் சொல்லுங்கள். அறிக்கை அவர்கள் முன்னாலேயே இருக்கிறது.

8. ஏ.சி.சி.: காத்திருக்கும் காலம்

குழு பெயர்களை வரிசைப்படுத்தித் தந்ததும் அமைச்சகம் முன்மொழிவைத் தயாரிக்கிறது. உயர் பதவிகளுக்கு அது ஏ.சி.சி. எனப்படும் அமைச்சரவையின் நியமனக் குழுவுக்குப் போகும். அதில் பிரதமரும் உள்துறை அமைச்சரும் உறுப்பினர்கள். பணியாளர் துறையின் எஸ்டாபிளிஷ்மென்ட் ஆபீசர்தான் அதன் செயலர். விஜிலன்ஸ் அனுமதி பழையதாகியிருந்தால் இந்தக் கட்டத்தில் புதிதாகக் கேட்பார்கள். நான்காவது படியை ஒழுங்காக முடித்தவருக்கு அது பத்து நாள் வேலை. முடிக்காதவருக்கு எல்லாம் முதலிலிருந்து.

இந்தக் காலத்தில் மௌனம்தான் இருக்கும். அதைத் தாங்க முடியாமல் சிலர் எம்.பி. கடிதம் வாங்கத் தமிழ்நாடு இல்லத்துக்கு ஓடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். வெளிச் செல்வாக்கைப் பயன்படுத்துவதை 1964-ஆம் ஆண்டு மத்திய நடத்தை விதிகளின் 20-ஆம் விதி தடுக்கிறது. அந்தக் கடிதம் கோப்பில் சேர்ந்தால் எடுக்க முடியாது. நீங்கள் கேட்காமல் உறவினர் வாங்கிக் கொடுத்தாலும், விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வீட்டாருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

9. ஆணை வந்த பிறகு

ஆணையில் காலவரையறையைப் பாருங்கள். டெபுடேஷன் பதவியில் பணி உறுதி என்பது கிடையாது, காலம் முடிந்தால் தாய்த் துறைக்குத் திரும்ப வேண்டும். பொதுத்துறை நிறுவன இயக்குநர் பதவியில் முதல் ஆண்டுப் பணியை ஆராய்ந்து, தொடரலாமா என்று முடிவு செய்வார்கள். அந்த ஓராண்டில் செய்ததை மாதாமாதம் குறித்து வையுங்கள்.

டெபுடேஷனில் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் சம்பள விருப்பம் தெரிவிக்க வேண்டும்: புதிய பதவியின் சம்பளமா, பழைய சம்பளமும் டெபுடேஷன் படியுமா என்று. ஊர் மாறிச் சேர்ந்தால் படி அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம், அதே ஊர் என்றால் 5 சதவீதம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. ஒருமுறை எழுதிக் கொடுத்தால் பிறகு மாற்றுவது கடினம். தாய்த் துறையில் அடுத்த பதவி உயர்வு எப்போது வரும் என்று கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும்போது விடுவிப்பு ஆணையும் கடைசிச் சம்பளச் சான்றும் பெட்டியில் இருக்கட்டும். கடைசிச் சம்பளச் சான்று இல்லாமல் வந்தவர்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும், அந்த நேரத்தில் தில்லி வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் காத்திருக்காது.

பொறுப்பேற்பு அறிக்கையில் "முற்பகல்" என்று எழுத முடிந்தால் அப்படியே சேருங்கள், அன்றைய சம்பளம் புதிய பதவிக்கே கணக்காகும். தமிழ்நாட்டு ரயில்கள் தாமதமாகலாம். முந்தின நாளே வந்துவிடுங்கள்.